எச்.எஸ்.கே. எழுதப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சீனம் தாய்மொழி அல்லாதவர்களின் மொழித் திறனைச் சோதிக்கும் எச்.எஸ்.கே. போன்ற சீன மொழித் தேர்வுகள் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். மருத்துவ மாணவர்கள், ஜவுளி வியாபாரிகள், பெற்றோர் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். நான் குவாங்சௌ நகரில் தமிழ் வியாபாரிகளுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவன். இப்போது கோவையில் சீனம் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சீனாவின் ஹூபே மாகாணத்தில் மூன்றாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் எச்.எஸ்.கே. நான்காம் நிலை பாஸ் செய்தால்தான் பட்டம் என்கிறார்கள். மருத்துவப் பாடமே மலையாக இருக்கிறது. இதை எப்படிச் சமாளிப்பது? (மருத்துவ மாணவர், சொந்த ஊர் நாமக்கல்)

பதில்: தம்பி, ஆங்கில வழியில் மருத்துவம் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களிடம் நான்காம் நிலையைக் கேட்பது அங்கே பரவலான வழக்கம். வகுப்பறையில் பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசுவார். வார்டில் படுத்திருக்கும் பாட்டி பேச மாட்டார். நம் தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பும், அதே நிறுவனத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப்பும் முடித்திருக்க வேண்டும். அந்தப் 12 மாதமும் நீங்கள் சீன நோயாளிகள் முன்னால்தான் நிற்கப் போகிறீர்கள். அதனால் இதைக் கல்லூரி வைத்த தடையாக நினைக்காமல், உங்கள் தொழிலுக்கான தயாரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தேர்வுக்கு வருவோம். 2010 முதல் நடந்துவரும் ஆறு நிலை முறையில் நான்காம் நிலைக்கு 1200 சொற்கள். மொத்தம் 100 கேள்விகள்: கேட்டல் 45, வாசிப்பு 40, எழுத்து 15. ஒவ்வொரு பகுதிக்கும் 100 மதிப்பெண், மொத்தம் 300. 180 எடுத்தால் பாஸ். பகுதிவாரியாகக் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. எழுத்தில் குறைந்தால் வாசிப்பில் ஈடுகட்டலாம்.

பெரும்பாலோர் தடுமாறுவது கேட்டலில். அதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. முதல் மூன்று நிலைகளில் ஒவ்வொரு உரையாடலையும் இரண்டு முறை ஒலிபரப்புவார்கள். நான்காம் நிலையிலிருந்து ஒரே முறைதான். மூன்றாம் நிலை வரை "முதல் தடவை விட்டாலும் பரவாயில்லை, அடுத்த தடவை பிடித்துக்கொள்ளலாம்" என்று பழகிய காது, இங்கே வந்ததும் திணறிப்போகிறது. ஒரு கேள்வியில் விட்ட சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி ஓடிவிடும். அப்புறம் வரிசையாக மூன்று நான்கு கேள்விகள் போய்விடும்.

அதற்கு நான் என் மாணவர்களுக்குச் சொல்லும் பயிற்சி இது. மாதிரித் தேர்வின் ஒலிப்பதிவைப் போடுங்கள். நிறுத்தக் கூடாது, பின்னால் தள்ளக் கூடாது. கேட்பதற்கு முன்பே நான்கு விடைகளையும் கண்ணால் ஓட்டிவிடுங்கள். ஆண் ஒரு வரி, பெண் ஒரு வரி, அப்புறம் கேள்வி, அவ்வளவுதான். விடையைக் குறித்துவிட்டு உடனே அடுத்த கேள்வியின் விடைகளுக்குக் கண்ணை நகர்த்துங்கள். தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைக் குறியுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. முழுத் தேர்வும் முடிந்த பிறகு, அதே ஒலிப்பதிவை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டு, விட்ட சொற்களைப் பிடியுங்கள். இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

இன்னொன்று. நான்காம் நிலைச் சொற்கள் மட்டும் வார்டுக்குப் போதாது. "தோவ் யுன்" என்றால் தலைசுற்றல், "தோவ் தெங்" என்றால் தலைவலி, "லா தூஸ" என்றால் வயிற்றுப்போக்கு, "அ ஸின்" என்றால் குமட்டல். இப்படித் தனியாக ஒரு நோட்டுப் போட்டு, அன்றன்று காதில் விழுந்ததை எழுதிவையுங்கள். ஹூபேயில் வயதானவர்கள் பலர் உள்ளூர்ப் பேச்சில்தான் சொல்வார்கள். அதற்கு எந்தத் தேர்வும் தயார்படுத்தாது. வார்டில் நர்ஸ் அக்காக்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தயங்காமல் கேளுங்கள். மருத்துவச் சீனத்துக்கென்றே எம்.சி.டி. என்று தனித் தேர்வும் இருக்கிறது. உங்கள் கல்லூரி அதைக் கேட்காவிட்டாலும் அதன் மாதிரித் தாள்களைப் பாருங்கள், உதவும்.

கேள்வி: ஜிப், பட்டன், லேஸ் வாங்க அடிக்கடி குவாங்சௌவுக்கும் யீவூவுக்கும் போய்வருகிறேன். எச்.எஸ்.கே. எழுதினால் நானே பேரம் பேச முடியுமா? (ஆடை உற்பத்தியாளர், திருப்பூர்)

பதில்: அண்ணே, நேராகவே சொல்கிறேன். உங்களுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. ஒன்று முதல் ஆறு வரையிலான எச்.எஸ்.கே. தேர்வில் பேச்சே கிடையாது. கேட்டல், வாசிப்பு, மூன்றாம் நிலையிலிருந்து எழுத்து. பேச்சுக்கு எச்.எஸ்.கே.கே. என்று தனித் தேர்வு. தொடக்கம், இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படிகள். 100க்கு 60 எடுத்தால் பாஸ். தொடக்கத் தேர்வில் 15 வாக்கியங்களைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், 10 சிறு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், கடைசியில் இரண்டு கேள்விகளுக்குக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும். நீங்கள் அந்தத் தேர்வை எழுதாவிட்டாலும், கேட்டுத் திருப்பிச் சொல்லும் அந்தப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் நிற்பவனுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

உங்களுக்கு முதலில் வேண்டியது எண்கள். ஒன்று, லட்சம் கோடி கணக்கை மறந்துவிட வேண்டும். அவர்கள் பத்தாயிரத்தை ஒரு "வான்" என்பார்கள். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து வான். பத்து லட்சம் என்றால் நூறு வான். கோடி என்றால் ஆயிரம் வான். இதை மனக்கணக்காகப் போடப் பழகுங்கள்.

இரண்டாவது, நான்கும் பத்தும். பாடப்புத்தகச் சீனத்தில் பத்து "ஷி", குரல் கீழிருந்து மேலே ஏறும். நான்கு "ஸி", குரல் மேலிருந்து சட்டென்று இறங்கும். ஆனால் குவாங்சௌ ஜொங்தா துணிச் சந்தையில் நின்று பாருங்கள். தெற்கத்திக்காரர்கள் பலர் "ஷ"வையும் "ஸ" என்றே சொல்வார்கள். அப்போது பதினான்கும் "ஸிஸி", நாற்பதும் "ஸிஸி". குரல் ஏறி இறங்கினால் மீட்டர் 14 யுவான், இறங்கி ஏறினால் 40 யுவான். உங்கள் காது அந்த வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும். அங்கே உள்ள சீனர்களே சந்தேகம் வந்தால் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவார்கள், அல்லது விரலால் காட்டுவார்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டினால் ஆறு. இரண்டு ஆள்காட்டி விரல்களைக் குறுக்காக வைத்தால் பத்து. ஒன்பது வரை ஒரு கையாலேயே காட்டும் முறை அது. முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சீனம் கற்க ஆங்கிலப் புத்தகங்கள்தான் கிடைக்கின்றன. தமிழ் இதில் ஏதாவது உதவுமா, அல்லது ஆங்கிலம் நன்றாக வந்தால்தான் முடியுமா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: அம்மா, நான் ஆசையோடு காத்திருந்த கேள்வி இது. தமிழ் நிறையவே உதவும். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தின் வழியாகச் சீனத்துக்குள் போய், வேண்டாத சிரமம் படுகிறார்கள்.

முதலில் ஒலி. சீன ஒலிகளை லத்தீன் எழுத்தில் எழுதும் முறைக்குப் பின்யின் என்று பெயர். முதல் இரண்டு நிலைத் தேர்வுத் தாள்களில் சீன எழுத்துக்கு மேலேயே பின்யின் அச்சிட்டிருக்கும். மூன்றாம் நிலையிலிருந்து அது கிடையாது. இந்தப் பின்யினில் வரும் "பி" (b) எழுத்தைப் பார்த்ததும் நாம் "பேட்" (bat), "பால்" (ball) என்று கிரிக்கெட்டில் சொல்லும் கனத்த ஒலியைப் போடுகிறோம். அது தவறு. "பல்" என்று சொல்லும்போது வருகிற நம் ப தான் அது. அதற்கு ஜோடியாக இருக்கும் மற்ற எழுத்துக்கு (p) அதே ப உடன் ஒரு மூச்சு சேரும். உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். முதல் ஒலிக்குக் காகிதம் அசையக் கூடாது, இரண்டாவதற்கு அசைய வேண்டும். "கல்" என்னும் சொல்லின் க வுக்கும் இதே கதைதான். முதல் நிலைக் கேட்டல் தேர்வில் போகும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு இந்த மூச்சைப் பிரித்துக் கேட்காததால் போகிறது.

அப்புறம் நம் ழ. மனிதனுக்குச் சீனத்தில் "ழென்", நாளுக்கு "ழி" என்று எழுதினால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். மற்ற நாட்டு மாணவர்கள் பல மாதம் போராடும் ஒலி நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. ழ வை ள என்றே சொல்லிப் பழகிய ஊர்க்காரர்கள் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

வாக்கிய அமைப்பில் இன்னும் வசதி. "நேற்று நான் வாங்கிய புத்தகம்" என்பதைச் சீனத்தில் "வோ ஸுவோதியன் மாய் த ஷூ" என்பார்கள். நான், நேற்று, வாங்கிய, புத்தகம். எச்சம் முன்னால், பெயர் பின்னால். தமிழில் யோசித்தால் அப்படியே வந்துவிடும். ஆங்கிலத்தில் யோசித்தால் புத்தகத்தை முன்னால் வைத்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்ட வேண்டும். கேள்வி கேட்பதும் அப்படியே. "நீ வருகிறாயா" என்பதில் கடைசியில் ஆ சேர்க்கிறோம், அவர்கள் கடைசியில் "மா" சேர்க்கிறார்கள்: "நீ லாய் மா?" அந்த முதல் சொல்லும் நம் நீ மாதிரியே ஒலிப்பது தற்செயல்தான், ஆனால் நினைவில் நிற்க உதவும்.

மூன்றாம், நான்காம் நிலையில் எல்லோரும் பயப்படும் இலக்கணம் "பா" வாக்கியம். "வோ பா மென் குவான் ல." நான், கதவை, மூடினேன். செயப்படுபொருளை வினைக்கு முன்னால் கொண்டுவரும்போது "பா" வருகிறது. நம் இரண்டாம் வேற்றுமை ஐ கதவுக்குப் பின்னால் ஒட்டுகிறது, அவர்களுடைய பா கதவுக்கு முன்னால் நிற்கிறது. நான்காம் நிலை எழுத்துப் பகுதியில் உள்ள 15 கேள்விகளில் 10 கேள்விகள், கலைந்து கிடக்கும் சொற்களை அடுக்கி வாக்கியமாக்குவது. நம் பிள்ளைகள் தமிழில் யோசித்து அடுக்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

எல்லா இடத்திலும் இது செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "தேநீர் குடிக்கிறேன்" போன்ற சாதாரண வாக்கியத்தில் அவர்களுக்கு வினை முன்னால், பொருள் பின்னால். குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் நான்கு சுரங்களுக்கு நம்மிடம் எதுவும் இல்லை. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். சொல்லைச் சுரத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: "30 நாளில் எச்.எஸ்.கே. நான்காம் நிலை" என்று விளம்பரம் பார்த்தேன். சேரலாமா? (தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்)

பதில்: வேண்டாம். 1200 சொல்லை 30 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 40 சொல். ஒவ்வொன்றுக்கும் எழுத்து, ஒலி, சுரம், பயன்பாடு. அதுவும் முந்தைய நாளின் 40 மறக்காமல். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவருக்கு இது நடக்காத காரியம். அந்தப் பணத்துக்கு நல்ல ஆசிரியரிடம் முதல் நிலையின் 150 சொற்களை ஒழுங்காகப் படியுங்கள்.

கேள்வி: என் மகள் சீனப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சிறுவர்களுக்கான ஒய்.சி.டி. தேர்வு எழுத வைக்கலாமா? (இல்லத்தரசி, ஈப்போ, மலேசியா)

பதில்: தேவையில்லை அம்மா. ஒய்.சி.டி. என்பது சீனத்தை அந்நிய மொழியாகக் கற்கும் சிறுவர்களுக்கானது. அதன் நான்கு நிலைகளில் கடைசி நிலைக்கே 600 சொற்கள்தான். உங்கள் மகள் கணக்கும் அறிவியலும் சீனத்திலேயே படிக்கிறாள், அந்த அளவைப் பள்ளிப் பாடங்களிலேயே தாண்டிப்போவாள். வீட்டில் சீனம் பேசாத குழந்தைக்குக் கதைப் புத்தகம்தான் அவசியம். தேர்வுக் கட்டணத்தை அதற்குச் செலவிடுங்கள். தமிழையும் வீட்டில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். அது விட்டுப்போனால் எனக்கு வருத்தம்.

கேள்வி: சிலர் ஆறு நிலை என்கிறார்கள், சிலர் ஒன்பது என்கிறார்கள், ஒரு பழைய புத்தகத்தில் பதினொன்று என்று இருக்கிறது. எது சரி? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, மூன்றும் சரிதான், காலம்தான் வேறு. பெய்ஜிங் மொழி நிறுவனத்தில் 1984இல் இந்தத் தேர்வை உருவாக்கும் வேலை தொடங்கியது. அந்தப் பழைய தேர்வுக்குத்தான் பதினொரு நிலைகள். வெளிநாட்டுத் தொடக்க மாணவர்களுக்கு அது கடினமாக இருந்ததால் மாற்றியமைத்து, 2010இல் ஆறு நிலையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். முதல் நிலைக்கு 150 சொல், ஆறாம் நிலைக்கு 5000.

அதில் ஒரு சர்ச்சை கிளம்பியது. ஆறாம் நிலை, மொழித் திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலின் உச்சமான சி2வுக்குச் சமம் என்று அறிவித்தார்கள். ஜெர்மனியிலும் பிரான்சிலும் உள்ள சீன மொழி ஆசிரியர் சங்கங்கள் அதை ஏற்கவில்லை, அளவை உயர்த்திச் சொல்கிறீர்கள் என்றன. அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. ஆறாம் நிலை எழுத்துப் பகுதி கடினமானதுதான். ஏறக்குறைய 1000 எழுத்துள்ள ஒரு கதையைப் பத்து நிமிடம் படிக்கக் கொடுப்பார்கள். குறிப்பு எடுக்கக் கூடாது. தாளை வாங்கிக்கொண்டபின் 35 நிமிடத்தில் 400 எழுத்தில் சுருக்கி எழுத வேண்டும். அதை முடித்தவரும் ஒரு சீன நாளிதழின் தலையங்கத்தை அகராதி இல்லாமல் படிக்கத் திணறுவதை என் வகுப்பிலேயே பார்க்கிறேன்.

2021 ஜூலையில் புதிய தர அளவுகள் நடைமுறைக்கு வந்தன. மூன்று கட்டம், ஒன்பது நிலை, மொத்தம் 11,092 சொற்கள். ஏழு முதல் ஒன்பது வரை ஒரே தேர்வு. எடுக்கும் மதிப்பெண்ணைப் பொறுத்து நிலை கிடைக்கும். அதில் மொழிபெயர்ப்பும் பேச்சும் உண்டு. முதல் தேர்வு 2022 நவம்பரில் நடந்தது. கீழ் நிலைகளுக்குப் பதிவு செய்பவர்கள், எந்தப் பாடத்திட்டத்தில் தாள் வரும் என்று தேர்வு மையத்திடம் கேட்டுவிட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

கேள்வி: தைவானில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு ஆங்கிலத்தில். எச்.எஸ்.கே. இரண்டாம் நிலை முடித்திருக்கிறேன், அது போதுமா? (பொறியியல் பட்டதாரி, மதுரை)

பதில்: அங்கே தேர்வே வேறு. டாக்ஃபல் என்று பெயர். ஏ, பி, சி என்று மூன்று பட்டைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு நிலைகள். கேட்டல் 50 கேள்வி, வாசிப்பு 50 கேள்வி. சீனாவில் சுருக்கிய எழுத்து, தைவானில் பழைய முழு எழுத்து. நீங்கள் படித்த சொற்கள் வீணாகாது, எழுத்துருவைத்தான் மீண்டும் பழக வேண்டும். ஆங்கில வழி வகுப்புக்கு இது கட்டாயமாக இருக்காது, உங்கள் சேர்க்கைக் கடிதத்தைப் பாருங்கள். ஆனால் படிப்பு முடிந்து அங்கேயே வேலை தேடுவது எண்ணம் என்றால், போய் இறங்கியதும் பி பட்டையைக் குறிவைத்துப் படிக்கத் தொடங்குங்கள்.

கேள்வி: கணினியில் எழுதுவதா, தாளில் எழுதுவதா? சான்றிதழ் எத்தனை ஆண்டு செல்லும்? தேர்வு நாளில் என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்? (மாணவர், நாகர்கோவில்)

பதில்: கணினித் தேர்வில் பின்யினைத் தட்டினால் எழுத்துகள் வரிசையாக வரும், சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். தாளில் ஒவ்வொரு கோட்டையும் நினைவிலிருந்து எழுத வேண்டும். மூன்றாம் நிலைக்கு மேல் என்றால் கணினியே நல்லது. ஆனால் படிக்கும்போது கையால் எழுதிப் பழகுங்கள். ஒரே மாதிரி இருக்கும் எழுத்துகளைக் கண் குழப்பிக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி.

சீனப் பல்கலைக்கழகத்தில் சேர விண்ணப்பிக்க, தேர்வு நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் உள்ள மதிப்பெண் வேண்டும். ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டை முடிவு செய்துவிட்டுத் தேர்வு எழுதுங்கள். பல மையங்களில் மூன்றாம் நிலைக்கு மேல் பேச்சுத் தேர்வையும் சேர்த்தே பதிவு செய்யச் சொல்கிறார்கள். மூன்றாம் நிலைக்குத் தொடக்கப் பேச்சு, நான்காம் நிலைக்கு இடைநிலை, ஐந்துக்கும் ஆறுக்கும் உயர்நிலை.

அன்றைக்கு நுழைவுச் சீட்டு, பாஸ்போர்ட், தாள் தேர்வானால் 2பி பென்சில், ரப்பர். கேட்டல் பகுதி தொடங்கிய பிறகு வந்தால் அது முடியும்வரை உள்ளே விட மாட்டார்கள்.

கடைசியாக, நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரும் ஒரு தொல்லை இருக்கிறது. பெயர். பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அதே எழுத்துக்கூட்டில் கொடுங்கள். மதிப்பெண் அறிக்கையில் அதுதான் அச்சாகும். பல்கலைக்கழகம் அதைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பணம் கட்டுவதற்கு முன்பே, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்த்துவிடுங்கள்.